மலையும் மழையும் மனச்சாந்தியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

உலகில் பிறந்தவர்களில் மனச்சாந்தியை வேண்டாதார் ஒருவருமிலர். இல்லத்தில் ஒரு கவலை, உத்யோகத்தில் ஒரு கவலை, உடம்பில் ஒரு நோவு என்று நாள்கள் கழிகையில், எங்கேனும் ஒரு மலையடிவாரத்திலோ ஆற்றங்கரையிலோ நான்கு நாள் தங்கிவிட்டு வந்தால் போதும் என்று ஏங்காதவர் அரியர். கோடையில் மலைவாஸஸ்தலங்களை நோக்கி ஓடுகிற கூட்டத்தைக் கண்டாலே இது விளங்கும். அங்ஙனம் ஓடினவர்களுக்குச் சாந்தி கிட்டிற்றா என்று வினவினால், கிட்டிற்று என்பார் சிலர். மலையின் உச்சியில் நின்றுகொண்டும், கீழே விட்டுவந்த வழக்கையும் வட்டியையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம் என்று ஒப்புக்கொள்வார் பலர். மலை என்ன செய்யும், பாவம்! குளிர்ந்த காற்று தோலைக் குளிர்விக்கும். உள்ளே எரிவதை அது தொடுவதில்லை.

அப்படியாயின் மலையிலும் நதியிலும், மாறி மாறி வருகிற ருதுக்களிலும் சாந்தி இல்லையோ எனில், உண்டென்றே பெரியோர் ஸாதிக்கின்றனர். அது எவருக்குக் கிட்டுகிறது, எவருக்குக் கைக்கெட்டாமற் போகிறது என்பதை அறிய ஸ்ரீமத் ராமாயணம் ஒன்றே போதும். வால்மீகி பகவான் மலைகளையும் ருதுக்களையும் ஸர்க்கம் ஸர்க்கமாக வர்ணித்திருப்பது வெறும் காவ்ய அலங்காரத்திற்காக அன்று. ஒரே ராமபிரான் ஓரிடத்தில் இயற்கையைக் கண்டு களிக்கிறார். மற்றோரிடத்தில் அதே இயற்கையைக் கண்டு கண்ணீர் உகுக்கிறார். வேறோரிடத்தில் அதனிடையே காத்திருக்கிறார். இம்மூன்றையும் சேர்த்து நோக்குவார்க்கு விஷயம் தெளிவாகும்.

முதலில் சித்திரகூடம். இன்று உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் கூடுகிற எல்லையில், மந்தாகினி நதியின் கரையில் உள்ளது அம்மலை. பட்டாபிஷேகத்திற்கென்று குறிக்கப்பட்டிருந்தது சித்திரை மாதம். காடுகள் பூத்திருந்த அம்மாதத்தில் பெருமாள் முடியைத் துறந்து மரவுரி உடுத்து அயோத்தியினின்று புறப்பட்டார். சில நாள்களிலேயே சித்திரகூடத்தில் பர்ணசாலை அமைந்தது. அங்கே அவர் பிராட்டியை அழைத்துச் சென்று, பற்பல வர்ணங்களில் ஒளிவிடும் தாதுக்கள் படிந்த சிகரங்களையும், பறவைகளையும், பழம் தாங்கிய மரங்களையும், நதியின் மணற்றிட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். இம்மலையைக் காண்கையில் ராஜ்யம் போனதும் சுற்றத்தாரைப் பிரிந்ததும் தமது மனத்தை வருத்தவில்லை என்கிறார். அயோத்தியை இழந்த நிலையில் ஒருவரால் இப்படிச் சொல்ல முடியுமாயின், மலையின் அழகு மட்டுமே அதற்குக் காரணமாக இருக்கவியலாது. காரணத்தை அவரே தொடர்ந்து அருளிச்செய்கிறார். இவ்வனவாஸத்தால் இரண்டு பலன்கள் கிட்டினவாம். தந்தையாருக்கு வாக்குக் கடன் தீர்ந்தது ஒன்று. பரதனுக்குப் பிரியமானது நடந்தது மற்றொன்று.

இவ்விடம் நின்று நோக்கத் தக்கது. தமது ராஜ்யம் எவனுடைய பெயரால் பறிக்கப்பட்டதோ அவனுக்கு நன்மை விளைந்ததென்று மகிழ்கிற உள்ளத்திற்கே சித்திரகூடம் அழகாகத் தெரிந்தது. அதே மலையில், அதே காலத்தில், சேனையொன்று வருகிற தூசியைக் கண்டு இளையபெருமாள் ஒரு சாலமரத்தின்மீது ஏறுகிறார். மேலேயிருந்து அவர் கண்டது மந்தாகினியை அன்று, பரதனுடைய கொடியைத்தான். சீற்றம் பொங்கி, வில்லை எடுக்கும்படி தமையனாரை வேண்டுகிறார். மலை ஒன்றே. தமையனாருக்கு அது சாந்தி. தம்பிக்கு அது போர்க்களம். பெருமாள் தேற்றிய பின்னரே இளையபெருமாள் நாணமுற்று மரத்தினின்று இறங்கினார். மனத்தில் பகையைச் சுமந்தவனுக்கு உயர்ந்த இடம் கிடைத்தால் அவன் தூரத்துப் பகைவனையும் கண்டுகொள்வான், அவ்வளவே.

இனி ஹேமந்தம். பல ஆண்டுகள் கழிந்து பஞ்சவடியில், இன்றைய நாசிக்கில், கோதாவரி தீரத்தில் வாஸம். ஒரு நாள் விடியற்காலையில் மூவரும் நீராடப் புறப்படுகின்றனர். முன்னே பெருமாள், பின்னே பிராட்டி, குடத்தைச் சுமந்துகொண்டு இளையபெருமாள். பனி மூடிய காடு. சூரியன் உதித்தும் சந்திரனைப்போல் மங்கியே தோன்றுகிறான். நெற்கதிர்கள் முற்றித் தலைசாய்ந்து நிற்கின்றன. தாகத்தோடு வந்த காட்டானை தண்ணீரில் துதிக்கையை வைத்ததும், குளிர் தாளாமல் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறதாம். இவற்றையெல்லாம் வர்ணித்து வருபவர், சித்திரகூடத்தில் மரமேறிச் சீறிய அதே இளையபெருமாள். வர்ணித்துக்கொண்டே வந்தவருக்குத் திடீரென்று வேறொன்று நினைவுக்கு வருகிறது. இந்நேரத்தில் பரதனும் ஸரயுவுக்கு நீராடப் புறப்பட்டிருப்பானே! ராஜபோகங்களைத் துறந்து, ஆஹாரத்தைக் குறைத்து, குளிர்ந்த தரையில் படுத்தெழுந்து, ஸுகத்திலே வளர்ந்த அந்தத் திருமேனி இந்தப் பின்னிரவுக் குளிரில் அவ்வாற்றில் எவ்வாறு இறங்கும் என்று உருகுகிறார்.

எந்தப் பரதனைக் கொல்வதற்கு வில்லெடுத்தாரோ அந்தப் பரதனுக்காக இளையபெருமாளின் திருவுள்ளம் இளகியது எதனால்? உபதேசத்தாலும் அன்று, வாதத்தாலும் அன்று. தமது உடம்பில் உறைத்த குளிர் இன்னொருவனுடைய உடம்பிலும் உறைக்குமே என்ற நினைவு ஒன்றினால். ருதுக்கள் செய்யக்கூடிய பேருபகாரம் இதுதான். மழையும் பனியும் வெயிலும் எவருக்கும் தனிச்சொத்தல்ல. ஆகையால் தன்மேல் விழுகிற தூறலைக்கொண்டே, கூரையில்லாதவன்மேல் விழுகிற தூறலை உணரலாம். அந்த உருக்கத்தோடு கைகேயியை நிந்திக்கவும் தொடங்கினார் இளையபெருமாள். பெருமாள் அதைத் தடுத்து, நடுவில் தாயாரைக் குறை சொல்லாதே, பரதனுடைய கதையையே சொல் என்று நியமித்தருளினார். அதன்பின் மூவரும் நீராடி, முன்னோர்க்கும் தேவதைகளுக்கும் தர்ப்பணம் செய்து, உதித்த சூரியனைத் துதித்தனர். அவ்வளவு குளிரிலும் அக்காலைப் பொழுது எத்துணை அமைதியாக முடிகிறது! மறுகணமே சூர்ப்பணகை வருகிறாள் என்பது வேறு விஷயம்.

பிராட்டியைப் பிரிந்தபின் வருகிறது வஸந்தம். இடம் பம்பைக் கரை. கர்நாடகத்தில் ஹம்பிக்கு எதிரே துங்கபத்திரையின் மறுகரையில் ஆனெகுந்தியை அடுத்து இன்றும் அத்தடாகத்தைக் காட்டுகின்றனர். தாமரை மலர்ந்திருக்கிறது; வண்டு ஒலிக்கிறது; மயில் ஆடுகிறது; பூமணம் சுமந்த காற்று வீசுகிறது. எதிலும் குறைவில்லை. ஆனால் சித்திரகூடத்தில் களித்த பெருமாளுக்கு இங்கே ஒவ்வொரு மலரும் நெருப்பாகத் தோன்றுகிறது. வைதேஹி மட்டும் இங்கே உடனிருப்பாளாயின் இந்திரபதவியும் வேண்டேன், அயோத்தியும் வேண்டேன் என்று கதறுகிறார். இலங்கையில் பிராட்டியின் நிலையும் இத்தகையதே. அவள் சிறை வைக்கப்பட்ட இடத்திற்குப் பெயர் அசோகவனம். சோகமில்லாத வனமென்று பொருள்படும். அதைவிட அழகிய பூங்கா அந்நகரில் இல்லை. சிம்சுபா மரத்தில் மறைந்திருந்த திருவடி, அதாவது ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் அத்திருநாமத்தால் வழங்கப்படும் ஹநுமான், பிராட்டியை நோக்குகிறார். சூழ்ந்திருந்த ராக்ஷஸிகளை அவள் பார்க்கவில்லை. பூவும் கனியும் நிறைந்த மரங்களையும் பார்க்கவில்லை. ஹ்ருதயத்தில் எழுந்தருளியிருந்த ஒருவரையே கண்டுகொண்டிருந்தாள் என்பதை அறிந்து வியக்கிறார்.

எனவே மலை ஸுகமுமல்ல, துக்கமுமல்ல. யாரோடு அதைக் காண்கிறோம் என்பதே நிர்ணயம் செய்கிறது. பிராட்டியோடு கண்டபோது சித்திரகூடம். பிராட்டியின்றிக் கண்டபோது பம்பை. ஜீவாத்மாவுக்கும் இதுவே நியாயம். எம்பெருமானோடு கூடிய கண்ணால் காணப்படுகிற உலகம் ஒன்று. அவனை விட்டுப் பிரித்துக் காணப்படுகிற அதே உலகம் வேறொன்று.

"எம்பெருமானோடு கூடிய உலகம்" என்பது ஏதோ கவிகளின் கற்பனை என்று எண்ணுதல் வேண்டா. ப்ருஹதாரண்யக உபநிஷத்தில் அந்தர்யாமி ப்ராஹ்மணம் என்றொரு பகுதி உண்டு. ஜனக மஹாராஜனுடைய ஸபையில் உத்தாலக ஆருணி வினவ, யாஜ்ஞவல்க்யர் விடை கூறுகிறார். பூமியினுள் இருந்துகொண்டு, பூமியால் அறியப்படாதவனாய், பூமியையே சரீரமாகக் கொண்டு, உள்ளிருந்து நியமிக்கிறவன் ஒருவன் உளன், அவனே அந்தர்யாமி. பூமிக்குச் சொன்னதையே நீருக்கும், நெருப்புக்கும், காற்றுக்கும், ஸூர்யனுக்கும், திசைகளுக்கும், சந்த்ர நக்ஷத்ரங்களுக்கும், இருளுக்கும், ஒளிக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். எம்பெருமானார் நிலைநாட்டிய விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்திற்கு உயிர்நாடியான சரீர–ஆத்ம பாவம் இதில்தான் வேரூன்றியுள்ளது. ஒருவனுடைய கையைப் பற்றுகிறவன் தோலையும் எலும்பையும் மட்டும் பற்றினதாக நினைப்பதில்லை. அவனையே பற்றினதாக நினைக்கிறான். அவ்வாறே மலையைக் கண்டவன் கல்லைக் கண்டதோடு நின்றுவிட வேண்டுவதில்லை. ஆழ்வார்கள் மேகத்தைக் கண்டு மயங்கியதும், கடலைக் கண்டு கலங்கியதும் இந்தக் கண்ணால்தான். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் வேங்கட மலைமேல் ஏறும் மேகங்களைத் தூது விடுகிறாள். அம்மேகம் அவளுக்கு ஆறுதலாகவும் இருக்கிறது. தாங்கவொண்ணாத நினைவூட்டலாகவும் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவேண்டும். இயற்கை எப்போதும் தாமரையும் தென்றலுமாகவா இருக்கிறது? 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடி என்ற ஊரையே அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணி ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் மூழ்கியது. விபீஷணாழ்வான் சரணம் புகுந்த இடமென்று போற்றப்படும் கோதண்டராமர் கோயில் அப்புயலைத் தாங்கி நின்றதைப் பலர் பெருமையாக எடுத்துச் சொல்வதுண்டு. பெருமைதான். ஆயினும் அவ்விரவில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயிடம் அதைச் சொல்லிவிட முடியுமா? கடலைப் பார், சாந்தி அடைவாய் என்று அவளிடம் கூறுகிறவன் பண்டிதனாயிருக்கலாம்; இதயமுள்ளவனாயிருக்க மாட்டான்.

ஸ்ரீமத் பாகவதத்தில் கோவர்த்தன வைபவத்தைச் சிந்திக்குமிடத்து ஒன்று கவனிக்கத் தக்கது. இந்திரன் ஏவிய மேகங்கள் ஏழு நாள்கள் பொழிந்தன. கண்ணன் நினைத்திருந்தால் மழையை முதல் நாளே நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை. மலையை எடுத்து, அதன் கீழே ஆய்ச்சியரோடும் ஆநிரையோடும் தானும் நின்றான். மழை பெய்துகொண்டேயிருந்தது. எல்லா மழைக்கும் கோவர்த்தனம் எழுந்துவிடுவதில்லை என்பதும் உண்மை, தனுஷ்கோடியில் எழவில்லை. ஏன் எழவில்லை என்பதற்குச் சுலபமான விடை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு திரிவது பக்தனுக்கு அழகன்று. பம்பைக் கரையில் பெருமாளே அழுதார் என்று சொல்ல வால்மீகி பகவான் கூசவில்லை. துக்கப்படுவது பக்திக்குக் குறைவென்று இருந்தால் அந்த ஸர்க்கம் எழுதப்பட்டிராது. அங்கே இளையபெருமாள் செய்தது என்ன? தாமரையின் அழகைக் காட்டித் தேற்ற முயலவில்லை. அருகிலேயே நின்றார், தைரியம் கொள்ளும்படி விண்ணப்பித்தார், அடுத்துச் செய்யவேண்டியதை நினைவூட்டினார். துக்கத்தில் இருப்பவருக்கு முதலில் வேண்டுவது மலையன்று, ஓர் இளையபெருமாள்.

இனிமேல் கார்காலம். ராமாயணத்தில் மிகவும் ஆழமான அமைதி இங்கேதான் உள்ளது. ஆனால் அது வெளிப்பார்வைக்கு அமைதியாகத் தோன்றாது. வாலிவதம் முடிந்தது, ஸுக்ரீவ மஹாராஜருக்குப் பட்டாபிஷேகமும் ஆகப்போகிறது. திருவடி பெருமாளைக் கிஷ்கிந்தைக்கு எழுந்தருளும்படி வேண்டுகிறார். பதினான்கு ஆண்டுகள் கிராமத்திலோ நகரத்திலோ புகுவதில்லை என்பது பித்ருவாக்யம் என்று கூறிப் பெருமாள் மறுத்துவிடுகிறார். சிராவண மாதம் பிறந்துவிட்டது. மழைக்காலம் நான்கு மாதம். இது படை நடத்தும் காலமன்று. கார்த்திகம் வந்தபின் முயற்சி செய்வோம் என்று மஹாராஜரை நகரத்திற்கு அனுப்பிவிட்டு, தாம் தம்பியோடு ப்ரஸ்ரவண மலையின் குகையில் தங்குகிறார். ஹம்பியை அடுத்த மால்யவந்த மலையில் உள்ள ரகுநாதர் கோயில் இவ்வாஸத்தின் நினைவாகவே போற்றப்படுகிறது.

ஸமுத்திரத்தையே வற்றச் செய்யவல்ல வில் கையில் இருக்கிறது. மனைவி எங்கே என்று தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு யுகம். ஆயினும் மழைக்காக நான்கு மாதம் காத்திருக்கிறார். காலத்துக்கும் காலனாயிருப்பவன் காலத்துக்குக் கட்டுப்பட்டு ஒரு குகைவாயிலில் அமர்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால், இதைவிடப் பெரிய ஸௌலப்யம் வேறு உண்டோ? அக்காத்திருப்பு எளிதாக இருந்ததாகவும் கவி சொல்லவில்லை. வெள்ளத்தில் ஊறிச் சரிகிற ஆற்றங்கரையைப்போல் தாம் சரிந்துகொண்டிருப்பதாகப் பெருமாள் தம்பியிடம் கூறுகிறார். ஆனால் அந்தச் சரிவின் நடுவிலும் அவர் திருவுள்ளத்தில் தோன்றுவன எவை? ஆஷாடத்தில் பரதன் வீட்டுக் காரியங்களை முடித்துக்கொண்டு வ்ரதம் தொடங்கியிருப்பான் என்று ஒரு நினைவு. ஸரயு நிரம்பி ஒலித்துக்கொண்டிருக்கும் என்று ஒரு நினைவு. நெடுநாள் துன்பப்பட்ட ஸுக்ரீவன் இப்போதுதான் மனைவியோடு சேர்ந்திருக்கிறான். அவன் சற்று இளைப்பாறட்டும். காலம் வந்ததும் தானே உணர்ந்து வருவான் என்று ஒரு நினைவு. தமது மனைவியைத் தேடித் தரவேண்டியவன் தன் மனைவியோடு ஸுகித்திருப்பதைப் பொறுத்துக்கொள்கிற இந்தத் திருவுள்ளத்தை என்னென்று புகழ்வது!

யதிகள் அனுஷ்டிக்கிற சாதுர்மாஸ்ய வ்ரதம் இங்கே நினைவுக்கு வரும். ஆஷாட பௌர்ணமியில் ஸங்கல்பம் செய்துகொண்டு, மழைக்காலத்தில் ஓரிடத்திலேயே தங்குகின்றனர். வழியெங்கும் முளைத்தெழுகிற பூச்சிகளும் புழுக்களும் காலடியில் மடியக்கூடாது என்பதே அதன் கருத்து. மழை வந்தால் மனிதன் நடையை நிறுத்திக்கொண்டு மற்ற உயிர்களுக்கு வழிவிட வேண்டும் என்று விதித்த சாஸ்திரத்தின் கருணையை எண்ணிப் பார்க்கத் தக்கது. இன்று மழைக்காக ஐந்து நிமிடம் ஒதுங்கி நிற்பவர்கள்கூட வானத்தை வைதுகொண்டே நிற்கின்றனர்.

அதே கார்காலம் ப்ருந்தாவனத்தில் வேறு விதமாக இருந்தது. பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில் இருபதாம் அத்யாயம் முழுவதும் மழைக்காலத்தையும் சரத்காலத்தையும் பற்றியது. மழை வலுத்தால் கண்ணன் மரப்பொந்திலோ குகையிலோ நுழைந்து, கிழங்கும் கனியும் உண்டு விளையாடுகிறான். வீட்டிலிருந்து வந்த தயிர்சாதத்தை நீரோரத்துப் பாறையில் அமர்ந்து, பலராமனோடும் இடைப்பிள்ளைகளோடும் அமுது செய்கிறான். ஓர் அவதாரத்தில் குகைவாயிலில் கண்ணீர். மற்றோர் அவதாரத்தில் குகைவாயிலில் தயிர்சாதம். இரண்டும் அவனுடைய மழைக்காலங்களே. துக்கத்தோடு மழையைப் பார்க்கிறவனுக்கும் அவன் துணை. களிப்போடு நனைகிறவனுக்கும் அவன் துணை.

அர்ச்சாவதாரத்திலும் எம்பெருமான் ருதுக்களை விட்டு விலகி நிற்பதில்லை. வேனிலில் வஸந்தோத்ஸவம் கண்டருளுகிறான். காவிரி பெருகுகிற ஆடியில் திருவரங்கத்து நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருள, காவிரித் தாய்க்குச் சீர் அளிக்கப்படுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் கைசிக ஏகாதசி இரவில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் நூற்றெட்டுப் போர்வைகள் சாற்றப்படுகின்றன. குளிர் எம்பெருமானுக்கு உண்டோ என்று கேட்பவன் தர்க்கம் அறிந்தவன். குளிருமே என்று போர்வையைக் கையில் எடுக்கிறவன் பஞ்சவடியில் இளையபெருமாளுக்கு வந்த நினைவை அறிந்தவன்.

மழை நின்றது, சரத்காலம் வந்தது, வானம் வெளுத்தது, சேறு உலர்ந்து வழிகள் திறந்தன. இதை முதலில் உணர்ந்தவர் யார்? அந்தப்புரத்திலிருந்த மஹாராஜர் உணரவில்லை. திருவடிதான் வானத்தின் தெளிவைக் கண்டு, காலம் கடக்கிறது, கொடுத்த வாக்கை நினைக்கவேண்டும் என்று மஹாராஜரிடம் சென்று விண்ணப்பிக்கிறார். அதன்பின்னரே சேனையைத் திரட்டும்படி நீலனுக்கு ஆணை பிறக்கிறது. இன்பத்தில் மூழ்கியவனுக்கு ருது மாறியதே தெரிவதில்லை. பிறர் காரியத்தைத் தன் காரியமாகக் கொண்டவனுக்கு ஒரு மேகம் கலைந்தாலும் தெரிகிறது. இயற்கையை ரஸிப்பவர்கள் என்று பெயரெடுத்த பலரைவிட, நாற்று நடவேண்டிய நாளை நோக்கி வானத்தைப் பார்க்கிற உழவனே ருதுவை உள்ளபடி அறிகிறான் என்பதை இதனோடு சேர்த்துக் கொள்ளலாம்.

இந்த ஸ்ரீமத் ராமாயணத்தின் அர்த்தங்களை எம்பெருமானார் ஓராண்டுக் காலம் கேட்டறிந்த இடமும் ஒரு மலையடிவாரமே. திருமலையின் அடியில், தமது மாமாவாகிய பெரிய திருமலைநம்பியிடம் அவர் காலக்ஷேபம் கேட்டார். அம்மலையை ஆதிசேஷனாகவே திருவுள்ளம்பற்றி, பாதம் படக்கூடாதென்று முழந்தாளிட்டே ஏறினார் என்பது பெரியோர் வார்த்தை. 1944ஆம் ஆண்டில் மலைப்பாதையில் மோட்டார் வண்டிக்குச் சாலை அமையும் வரையில் அனைவரும் படியேறியே சென்றனர். இன்று வண்டியிலேயே போய், வண்டியிலேயே திரும்புகிறவர்களுக்கு இடையிலுள்ள காடு கண்ணில் படுவதேயில்லை. சேஷாசலத்தின் அக்காடு செஞ்சந்தன மரம் தானாக வளர்கிற அரிய நிலம். ஐப்பசி கார்த்திகையில் அங்கே வாடைக்காற்றோடு மழையும் மூடுபனியும் சேரும்.

எம்பெருமானார் காலத்தில் அந்தக் குளிருக்கு அஞ்சியே மலையில் தங்குவார் அரியர். திருவாய்மொழியில் திருவேங்கடமுடையானுக்குக் கைங்கர்யம் வேண்டுகிற பதிகத்திற்கு அர்த்தம் ஸாதிக்கையில், மலைக்குச் சென்று நந்தவனம் அமைத்துப் புஷ்பகைங்கர்யம் செய்வார் உண்டோ என்று எம்பெருமானார் கோஷ்டியை நோக்கிக் கேட்டார். அனைவரும் வாளாவிருக்க, அனந்தாழ்வான் ஒருவரே எழுந்து நின்றார். மலைக்குச் சென்று ஏரி வெட்டி, நந்தவனம் அமைத்து, அதற்கு ஆசார்யனின் திருநாமத்தையே இட்டார். அந்தந்த ருதுவில் பூப்பதைப் பறித்துத் தொடுத்து ஸமர்ப்பித்தார். திருமலையில் பூக்கும் பூவை மனிதர் சூடுவதில்லை என்ற வழக்கம் இன்றும் உண்டு. மலையின் அழகை எடுத்துக்கொள்ள வந்தவரல்லர் அனந்தாழ்வான். அதை அதன் உடையவனிடம் சேர்க்க வந்தவர்.

அவரைப் பற்றி இன்னொரு வைபவமும் பெரியோர் ஸாதிப்பதுண்டு. குலசேகரப் பெருமாள், தாம் அரசாள்வதைவிட அம்மலையில் ஒரு பறவையாகவோ, சுனையில் மீனாகவோ, ஒரு மரமாகவோ, ஸந்நிதிக்கு முன் ஒரு படியாகவோ, மற்றும் அங்கே ஏதேனும் ஒன்றாகவோ ஆகவேண்டும் என்று பெருமாள் திருமொழியில் ப்ரார்த்தித்தார். ஸந்நிதியின் வாசற்படி இன்றளவும் குலசேகரன் படி என்றே வழங்கப்படுகிறது. ஒரு முறை அனந்தாழ்வான் மலையினின்று இறங்கி யாத்திரை செல்கையில், வழியில் பசியாற ப்ரஸாத மூட்டையை அவிழ்த்தார். அதில் எறும்புகள் மொய்த்திருந்தன. உடன் வந்தவர்கள் தட்டிவிட முனைந்தபோது அவர் தடுத்தார். குலசேகரப் பெருமாள் ஆசைப்பட்டவாறு எந்த மஹான் எந்த உருவத்தில் அம்மலையில் வந்து பிறந்திருக்கிறாரோ, அவர்களை வேங்கடத்தினின்று பிரித்துக் கொண்டுவந்து விட்டோமே என்று நடுங்கினார். மூட்டையை அப்படியே கட்டச் செய்தார். பசியோடு மீண்டும் மலையேறி, எறும்புகளை அவை இருந்த இடத்திலேயே கொண்டுபோய் விட்ட பின்னரே அவருடைய யாத்திரை தொடர்ந்தது.